சுற்றுலாச் சட்டத்துக்கு வேலூர் லாட்ஜ்காரர் கருத்து எழுதி அனுப்புவது எப்படி

சுற்றுலாவுக்குப் புதுச் சட்டம் வரப்போகிறது என்று பேப்பரில் ஒரு செய்தி வந்தால் எங்கள் தெருவில் யாரும் அதில் கண் வைப்பதில்லை. சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம், நமக்கும் அதற்கும் என்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் என் மாமனார் கட்டிய 14 அறை லாட்ஜை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் தங்குகிறவர்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, கையில் ரிப்போர்ட் பையோடு வருகிறவர்கள்.

ஆனால் சட்டம் வந்தால் இவர்களையும் எங்களையும் சேர்த்துத்தான் பிடிக்கும். பதிவு, கட்டணம், ஆய்வு, அபராதம் எல்லாம் எங்கள் வாசலுக்கும் வரும். அதனால் வரைவு நிலையிலேயே நம் ஊர்க் கதையை அதற்குள் சேர்க்கச் சொல்லி எழுதவேண்டும். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே சொல்கிறேன். லாட்ஜ்காரர்களை மனதில் வைத்து எழுதினாலும், கோட்டையில் கைடாக இருப்பவருக்கும், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வண்டி ஓட்டுகிறவருக்கும், ஏலகிரியில் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறவருக்கும் வழி ஒன்றுதான்.

கொள்கையா, சட்டமா?

முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்டது சுற்றுலாக் கொள்கை. அரசு என்ன செய்ய நினைக்கிறது என்று அது சொல்லும். அதை வைத்து உங்களுக்கு யாரும் அபராதம் போட முடியாது. சட்டம் அப்படியில்லை. பதிவு செய்யாமல் அறை விட்டால் தண்டனை என்று எழுதிவிட்டால் அது தண்டனைதான். கோவா 1982லேயே சுற்றுலாத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்தது. இமாச்சலப் பிரதேசம் 2002இல், ராஜஸ்தான் 2010இல், கர்நாடகம் 2015இல் தத்தம் சட்டங்களைக் கொண்டுவந்தன. வரைவு எழுத உட்காரும் அதிகாரிகள் இந்த மாதிரிச் சட்டங்களை முன்னால் வைத்துக்கொள்வது வழக்கம். நீங்களும் இரண்டை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள், என்ன வரும் என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்து, யார் கையில் இருக்கும் விஷயம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசுக்கு எது, மாநிலத்துக்கு எது என்று பிரித்துச் சொல்லும் நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் சுற்றுலா என்று தனியாக ஒரு இனமே இல்லை. ஆனால் விடுதிகளும் விடுதி நடத்துகிறவர்களும் மாநிலப் பட்டியலில் 31ஆவது இனம். உள்நாட்டு யாத்திரைகள் 7ஆவது, மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் 6ஆவது. விசா, வெளிநாட்டவர் பதிவு, தேசிய முக்கியத்துவம் உள்ள நினைவுச் சின்னங்கள் எல்லாம் மத்திய அரசிடம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் கடிதம் வீண். கோட்டையைச் சுற்றி இருக்கும் கட்டடக்காரர்கள் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கேட்பது ஒன்றுதான்: "மாடி எடுக்க விடமாட்டேன் என்கிறார்களே, அதை மாற்றச் சொல்லுங்கள்." வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். இதை மாநிலச் சுற்றுலாச் சட்டம் தொடவே முடியாது. அதே கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் மாநில அரசுடையது; அதன் நேரம், கைடு, பலகை பற்றி மாநிலத்திடம் தாராளமாகக் கேட்கலாம். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாம் ஆன்லைனில் ஏற்றும் படிவமும் அப்படித்தான், மத்திய விவகாரம். வெளிநாட்டவர் பற்றிய பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம், வெளிநாட்டவர் பற்றிய புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் எழுதும் மாநிலக் கடிதத்தில் இதையெல்லாம் கலக்கவேண்டாம்.

இன்னொன்று, மாவட்டத்தைச் சரியாக எழுதுங்கள். பழைய வட ஆற்காடு என்ற நினைப்பிலேயே நாம் ஏலகிரியையும் காவலூர் வானாய்வகத்தையும் ஆற்காட்டு டெல்லி கேட்டையும் வேலூர் கணக்கில் சேர்த்துப் பேசிவிடுகிறோம். 2019 நவம்பருக்குப் பிறகு முதல் இரண்டும் திருப்பத்தூர் மாவட்டம், டெல்லி கேட் ராணிப்பேட்டை மாவட்டம். மாவட்ட வாரியாகக் குழுவோ நிதியோ வரும்போது இது பெரிய விஷயமாகிவிடும்.

மசோதாவில் முதலில் படிக்க வேண்டிய இடம்

சட்டசபைத் தாள்களில் மசோதா என்று இருக்காது, சட்டமுன்வடிவு என்று இருக்கும். கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை என்று ஒரு பக்கம் வரும். அதை நிதானமாக அப்புறம் படித்துக்கொள்ளலாம். நேராக இரண்டாம் பிரிவுக்குப் போங்கள், பெரும்பாலும் வரையறைகள் அங்கேதான் இருக்கும். என் அனுபவத்தில் ஒரு சட்டத்தில் நம் பிழைப்பு முடிவாவது அங்கேதான். சுற்றுலாப் பயணி என்றால் யார், தங்குமிடம் என்றால் எது, எத்தனை நாள் தங்கினால் கணக்கு. இந்த மூன்றையும் உங்கள் ரெஜிஸ்டரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ரெஜிஸ்டரில் பெயர், ஊர், கூட வந்தவர், வந்த காரணம், அறை எண், காலி செய்யும் நாள் என்று கட்டங்கள். வந்த காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே வரை 'ட்ரீட்மென்ட்', 'ட்ரீட்மென்ட்' என்றே இருக்கும். நடுவில் எப்போதாவது 'கோல்டன் டெம்பிள்' என்று ஒன்று வரும். காலி செய்யும் நாள் என்ற கட்டம் பல வரிகளில் வெறுமையாக இருக்கும். ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. பயாப்ஸி ரிசல்ட் வரவேண்டும், டாக்டர் அடுத்த தேதி சொல்லவேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் ஐந்து, ஆறு வாரம் ஆகிவிடும். "தீதி, இன்னும் எத்தனை நாள்னு டாக்டர் சொல்லலை" என்று அரைகுறை இந்தியில் அந்த அம்மாக்கள் சொல்லும்போது நான் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை.

இப்போது வரையறையைப் பாருங்கள். பொழுதுபோக்கு, யாத்திரை, வணிகம் ஆகியவற்றுக்காக வருபவர் என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கள் ரெஜிஸ்டரில் உள்ள ஆட்கள் யாரும் சுற்றுலாப் பயணி இல்லை. 30 நாளுக்கு மேல் தங்கினால் அது வாடகைக் குடியிருப்பு என்று எழுதியிருந்தால் கதிர்வீச்சுக்கு வந்த குடும்பம் பாதியில் வேறு சட்டத்துக்குள் போய்விடும்.

அப்படியே விட்டுவிட்டால் நல்லதுதானே, பதிவுத் தொல்லை இல்லையே என்று என் பக்கத்து லாட்ஜ் அண்ணன் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வரையறைக்கு வெளியே இருந்தால் நன்மைக்கும் வெளியேதான் இருக்கவேண்டும். புகார் சொல்ல ஓர் இடம், புரோக்கர் தொல்லைக்குத் தண்டனை, சுற்றுலா நிதியில் கழிப்பறை, வங்காளியில் வழிகாட்டிப் பலகை எதுவுமே இந்த ஜனங்களுக்குக் கிடைக்காது. இன்று எங்கள் தெருவில் வங்காளி எழுத்தில் இருக்கும் பலகைகள் கடைக்காரர்கள் சொந்தக் காசில் எழுதி வைத்தவை. உடம்பு முடியாமல் 2,000 கிலோமீட்டர் தாண்டி வருகிற மனிதரைவிட உதவி தேவைப்படும் பயணி யார் இருக்கிறார்?

இதைக் கேட்க நமக்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்கான ஐ.நா.வின் 2008ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில், வழக்கமாக வாழும் இடத்தை விட்டு ஓராண்டுக்குக் குறைவாக, போகும் ஊரில் ஒருவரிடம் வேலைக்குச் சேரும் நோக்கம் இல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகப் போனாலும் அவர் கணக்கில் வருகிறார். உடல்நலமும் சிகிச்சையும் அந்தக் காரணங்களில் ஒன்று என்று பெயர் சொல்லியே இருக்கிறது. நம் மத்திய அரசும் மருத்துவ விசா, துணைக்கு வருபவருக்கான விசா என்று தனித்தனியாகக் கொடுக்கிறது. துணைக்கு வருகிறவரைச் சேர்க்கச் சொல்வதை மறந்துவிடாதீர்கள். நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்; வாடகை கட்டி அறையில் இருப்பது துணைக்கு வந்தவர்தான்.

தங்குமிடம் என்ற வரையறையிலும் இதே கவனம் வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்குமிடத் திட்டம் அதிகபட்சம் 6 அறை வரைதான், உரிமையாளர் குடும்பமும் அங்கேயே இருக்கவேண்டும். மேலே போனால் நட்சத்திர ஓட்டல். 14 அறை வைத்திருக்கும் நான் இரண்டிலும் சேரவில்லை. நட்சத்திரத் தரத்துக்குக் கேட்கும் வசதிகளை எங்களுக்கும் கட்டாயம் என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்தச் சந்தில் பாதி லாட்ஜ் பூட்டிவிடும். எங்கள் அறைகளில் ரெஸ்டாரன்ட் கிடையாது, ரூம் சர்வீஸ் கிடையாது. ஆனால் சுவரோரம் ஒரு கடப்பா கல் மேடை இருக்கிறது, அதன் மேல் அடுப்பு, பக்கத்தில் ஒரு தொட்டி. கீமோ முடிந்து வந்தவருக்கு வெளிச் சாப்பாடு வாயில் வைக்க முடியாது. அந்த மேடையில் அவர் மனைவி குழைய வடித்த சோறும் மீன் குழம்பும்தான் உள்ளே இறங்கும். குறைந்தபட்ச வசதிகள் என்று ஒரு பட்டியல் வந்தால், சமையல் மேடையும் காய்ச்சிய தண்ணீரும் வசதியாகக் கணக்கில் வரவேண்டும், அதற்குத் தீயணைப்பு விதிகள் என்ன என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கேளுங்கள். அறையில் சமைக்கக் கூடாது என்று ஒரே வரியில் தடை வந்தால் அதை எதிர்த்து எழுதியே ஆகவேண்டும்.

அப்புறம் படிக்க வேண்டியவை

தண்டனைப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு, ஆய்வுப் பிரிவு. அபராதம் ஒருமுறையா, நாள் ஒன்றுக்கா? சிறிய லாட்ஜுக்கும் பெரிய ரிசார்ட்டுக்கும் ஒரே தொகையா? மேல்முறையீடு எத்தனை நாளுக்குள், யாரிடம்? சென்னைக்குப் போகச் சொன்னால் மாவட்ட அளவில் வையுங்கள் என்று கேளுங்கள். ஆய்வுக்கு வருபவர் ஆள் தங்கியிருக்கும் அறைக்குள், தங்கியவர் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வது என் தனிப்பட்ட பிடிவாதம். ஆபரேஷன் முடிந்து டியூபோடு படுத்திருப்பவர் அறைக் கதவைத் தட்டித் திறந்து படம் எடுப்பது மனிதத்தன்மை இல்லை.

'வகுத்துரைக்கப்பட்டவாறு' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். இதன் விவரம் பின்னால் விதிகளில் வரும் என்று பொருள். கட்டணம் வகுத்துரைக்கப்பட்டவாறு, தரம் வகுத்துரைக்கப்பட்டவாறு என்று எல்லாமே அப்படி இருந்தால், மசோதாவைப் படித்து நிம்மதியடைய ஒன்றுமில்லை. கட்டணத்துக்கு உச்சவரம்பையாவது சட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பூட்டானில் 2022 செப்டம்பரில் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 65 டாலராக இருந்த கட்டணத்தை 200 ஆக்கினார்கள், ஒரே வருஷத்தில் அது 100 ஆனது. தொகை எவ்வளவு என்பதோடு, அதை யார், எப்படி மாற்றலாம் என்பதும் சட்டத்தில் இருக்கவேண்டும். இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு இல்லாதிருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதமாக வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. பில் போடுகிறவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று தெரியும்.

மசோதாவில் ஆணையம், நிதி என்று வரும் இரண்டு பகுதிகளுக்கும் இலங்கையைப் பாருங்கள். அங்கே 2005ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டம் 1966இன் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, ஒழுங்குபடுத்தவும் வளர்க்கவும் ஓர் அமைப்பு, விளம்பரத்துக்கு ஓர் அமைப்பு, மாநாடுகளுக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்தது. விடுதிகளின் விற்றுமுதலில் 1 சதவீதமும் விமானப் பயணிகள் கட்டும் வரியில் ஒரு பங்கும் நிதிக்குப் போகும்படி ஏற்பாடு. விளம்பரம் செய்கிறவரும் உரிமத்தை ரத்து செய்கிறவரும் ஒரே நாற்காலியில் இல்லாமல் இருப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். நிதி வசூலானால் வசூலான மாவட்டத்துக்கு இத்தனை பங்கு திரும்பவேண்டும் என்று கேளுங்கள். மாவட்டக் குழுவில் சிறு லாட்ஜ், கைடு, ஆட்டோ ஓட்டுநர் தரப்புக்கு இடம் கேளுங்கள்.

சட்டம் சின்ன ஆட்களுக்குக் கதவைத் திறக்கவும் செய்யும். மாலத்தீவில் நெடுங்காலம் சுற்றுலா என்றால் ஆள் இல்லாத தீவில் ரிசார்ட் மட்டும்தான். 2010ஐ ஒட்டி விதிகளை மாற்றி, ஜனங்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்றார்கள். சாதாரணக் குடும்பங்கள் சொந்த வீட்டிலேயே தொழிலுக்கு வந்தது அதன் பிறகுதான். ஜவ்வாது மலையில் வீடு வைத்திருக்கும் மலைவாழ் மக்களுக்கு இந்த உதாரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

புரோக்கர் விஷயத்தில் கோவாவைக் காட்டலாம். சுற்றுலா இடங்களைப் பாதுகாக்க அங்கே 2001இல் வந்த தனிச் சட்டம், பயணிகளை மொய்த்துத் தொல்லை செய்வதைத் தடுக்கிறது. ஸ்டேஷனிலிருந்தே நோயாளியைப் பிடித்து, கமிஷன் கொடுக்கும் லாட்ஜுக்கு மட்டும் அழைத்துப் போகும் பழக்கத்துக்கு நம் சட்டத்திலும் ஒரு பிரிவு வேண்டும்.

கடிதம்

பொதுவாகப் புலம்பி எழுதினால் படிக்கிறவர் ஒரு ஃபைலில் போட்டு மூடிவிடுவார். பிரிவு எண், இப்போது இருப்பது, நாம் கேட்பது, காரணம் என்ற வரிசையில் எழுதுங்கள். இப்படி:

"பிரிவு 2இல் 'சுற்றுலாப் பயணி' என்ற வரையறை: 'யாத்திரை' என்ற சொல்லுக்குப் பின் 'மருத்துவச் சிகிச்சை அல்லது சிகிச்சை பெறுபவருக்குத் துணையாக இருத்தல்' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டுகிறோம். காரணம்: வேலூர் மாநகரில் மருத்துவமனையை ஒட்டிய லாட்ஜுகளில் தங்குபவர்களில் பெரும்பாலோர் இவர்களே. எங்கள் பதிவேட்டின்படி சென்ற ஆறு மாதத்தில் தங்கியவர்களின் எண்ணிக்கையும் வந்த காரணமும் இணைப்பில் உள்ளன."

இணைப்பில் எண்ணிக்கை மட்டும் போதும். தங்கியவர் பெயர், ஆதார் ஜெராக்ஸ், போன் நம்பர், நோய் விவரம் எதையும் வைக்கக் கூடாது. தெருவில் நான்கைந்து லாட்ஜ் சேர்ந்து ஒரே படிவத்தில் கணக்கெடுத்து அனுப்பினால் அதற்கு மதிப்பு அதிகம். ஐந்தாறு கோரிக்கைக்கு மேல் போகவேண்டாம். எது இல்லாவிட்டால் தொழிலே நிற்கும் என்பதை முதலில் எழுதுங்கள்.

எப்போது, எங்கே அனுப்புவது?

மத்திய அரசு மசோதா என்றால், வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2014இல் முடிவு செய்த நடைமுறை இருக்கிறது. எல்லா மசோதாவுக்கும் அது நடப்பதில்லை. மாநிலத்தில் மசோதா தாக்கலான அதே கூட்டத்தொடரில் நிறைவேறிவிடுவது சகஜம். அதனால் தாக்கலாகும் வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் மானியக் கோரிக்கையின்போது சுற்றுலாத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே வெளியாகும். அதிலும் அமைச்சரின் அறிவிப்புகளிலும் புதுச் சட்டம் பற்றி ஒரு வரி இருந்தால் அன்றே எழுதத் தொடங்குங்கள். வரைவு கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது பற்றிய விவரங்களை அரசு தானாகவே வெளியிடவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

கடிதத்தைச் சுற்றுலாத் துறைச் செயலாளருக்கும் இயக்குநருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் எம்.எல்.ஏ.வைக் கட்டாயம் பாருங்கள். மசோதாவில் ஒரு சொல்லை மாற்றத் திருத்தம் கொடுக்கக்கூடியவர் அவர்தான். அவர் எந்தக் கட்சி என்று யோசிக்காதீர்கள். வேலூர் மாவட்டத்தில் உள்ள 5 தொகுதி எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். அவரிடம் போகும்போது முழுக் கடிதத்தோடு, திருத்தம் மட்டும் எழுதிய ஒரு தனித் தாளும் இருக்கட்டும். பேசும்போது அதைத்தான் அவர் கையில் வைத்திருப்பார். கிராமப்புறத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது.

சட்டம் நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் கிடைத்து, அரசிதழில் வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. நடைமுறைக்கு வரும் தேதியைத் தனியாக அறிவிப்பார்கள், விதிகள் தனியாக வரும். முன்பு பென்சிலால் கோடு போட்ட இடங்களுக்கெல்லாம் அப்போதுதான் தொகையும் நாளும் எழுதப்படும். வரைவு விதிகள் வெளியானால் ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கும். பழைய கடிதத்தின் தேதியையும் ரசீது எண்ணையும் மேலே எழுதி, அந்த நாளுக்குள் மறுபடி அனுப்புங்கள்.